பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவல்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். முதல் நாவல் எழுதுகிறேன். பூர்வீக வீட்டை விற்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பத்தில் நடக்கும் இழுபறிதான் கதை. பதினோரு அத்தியாயங்கள் மளமளவென்று வந்தன. அதில் அண்ணன் விற்கச் சம்மதித்துவிட்டார். அதற்கு மேல் நான்கு மாதமாக ஒரு வரி நகரவில்லை. இரவு லேப்டாப்பைத் திறந்தால் முதல் அத்தியாயத்தைத் திருத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நான்கு மாதத்தை விட, அந்த முதல் அத்தியாயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தினமும் அதற்குப் பட்டி டிங்கரிங் பார்க்கிறீர்கள். புதிதாக எழுதப் பயமாக இருந்தால் கை பழைய பக்கத்துக்குத்தான் போகும். வேலை பார்த்த மாதிரியும் இருக்கும். முதல் பத்து அத்தியாயங்களையும் வேறு ஃபோல்டரில் போட்டு மூடிவிடுங்கள். கடைசி இரண்டு பக்கம் கண்ணில் பட்டால் போதும்.

அப்புறம், வண்டி நின்றது பன்னிரண்டில் என்றாலும் பஞ்சர் ஆனது பதினொன்றில். இழுபறிதான் கதை என்கிறீர்கள். அண்ணன் சம்மதித்ததும் இழுபறி முடிந்துவிட்டதே, இனி எழுத என்ன இருக்கிறது? அடுத்த அத்தியாயத்தில் யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் அண்ணனின் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை, சம்மதம் இருக்கட்டும் என்றால், தங்கை என்று ஒருத்தி இருந்தால் பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட வேண்டுமே? வங்கியில் சொத்துப் பத்திரத்துக்கு வக்கீல் தரும் லீகல் ஒப்பீனியனைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காட்சி மனதில் இருந்தும் வாக்கியம் வரவில்லை என்றால் அது வேறு சிக்கல். தமிழில் எழுதுபவர்களுக்கு இது அதிகம். நண்பரிடம் டீக்கடையில் அழகாகச் சொல்லும் கதை, எழுத உட்கார்ந்ததும் விறைத்துக்கொள்கிறது. பேச்சிலிருந்து எழுத்துநடைக்கு மாற்றும் வேலையும் கதை யோசிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால் வரும் திணறல் இது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். போன் கீபோர்டில் மைக்கைத் தொட்டு, உங்கள் ஊர்ப் பேச்சிலேயே காட்சியைச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாகத்தான் பதிவாகும், ஒற்று எல்லாம் கண்டபடி இருக்கும். இருக்கட்டும். மறுநாள் அதை வைத்துக்கொண்டு எழுத்துநடையில் எழுதுங்கள். இங்கே ‘ப்’ வருமா வராதா என்ற விசாரணையை இரண்டாம் திருத்தத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

தினம் எவ்வளவு எழுதுவது? ஆந்தனி டிரொலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதியவர். 47 நாவல்கள். அந்த 250-ஐ நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் வேண்டும். வேலைக்குப் போகிற உங்களுக்கு ஒரு நாளைக்கு 150 தமிழ்ச் சொல் தாராளம். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் காலை நேரத்தை. நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த மூளையிடம் இரவு பத்தரைக்குக் கதை கேட்டால் அது என்ன செய்யும், பாவம்.

இன்னொன்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்னது: அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்போதே அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். நான் பாதி வாக்கியத்திலேயே எழுந்துவிடுவேன். மறுநாள் அதை முடிக்கவாவது உட்கார வேண்டியிருக்கும்.

எழுத்து மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் என எதிலுமே பல வாரமாகப் பிடிப்பில்லை என்றால், எனக்கு எழுதுவதை விட்டு டாக்டரைப் பாருங்கள்.

மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் நாவலைத் தொடாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடியட்டும். தங்கையை ஏப்ரலில் ஊருக்கு வரவழைக்கலாம்.