எஞ்சினுக்கு முன்னால் வாளி

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கிராமங்களில் சம்பளமில்லாத் தீயணைப்புக் குழுக்கள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் இளைஞர் மன்றம் இருக்கிறது, 5 எச்.பி. டீசல் எஞ்சின் இருக்கிறது, பக்கத்திலேயே ஏரி. ஹோஸ் மட்டும் வாங்கிவிட்டால் நாங்களும் தொடங்கலாமா? அவர்கள் எப்படித் தொடங்கினார்கள்?

க., பாகூர்

அன்புள்ள க.,

அவர்கள் எஞ்சினில் தொடங்கவில்லை. 1736 டிசம்பரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் பிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி என்ற தீயணைப்புக் குழுவை அமைத்தபோது, ஆளுக்கு இத்தனை தோல் வாளி, இத்தனை பை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வாளி சரி, பை எதற்கு? எரிகிற வீட்டுச் சாமானை அள்ளிக் கட்டி வெளியே கொண்டுவர. மாதம் ஒருமுறை கூடவேண்டும், வராதவருக்கு அபராதம். எஞ்சின், ஏணி, கொக்கி எல்லாம் பிறகு அந்த அபராதக் காசில்தான் வந்தன. 30 பேருக்கு மேல் சேர்க்கவில்லை. அதற்கு மேல் வந்தவர்களிடம் தனியாக ஒன்று ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊர் முழுக்கப் பரவியது அப்படித்தான்.

அன்றைய எஞ்சின் என்பது சக்கரம் வைத்த கைப்பம்பு. இருபுறமும் நீளக் கம்பைப் பிடித்து ஏற்றி இறக்கவேண்டும். சில நிமிடங்களில் தோள் விட்டுப்போகும், மாற்று ஆள் வரிசையில் நிற்கவேண்டும். அதற்காகவே கூட்டம் பெருத்தது, தண்ணீருக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவும் செய்தது. நீராவிப் பம்பு வந்ததும் அத்தனை தோள் தேவைப்படவில்லை. 1853-ல் சின்சினாட்டி நகரம் சம்பள ஆட்களுக்கு மாறியது. கிராமங்கள் மாறவில்லை. வருஷத்துக்கு நாலு தீ பிடிக்கிற ஊரில் யார் சம்பளம் கொடுப்பது? புதுச்சேரியை ஆண்ட பிரான்சிலும் இன்றுவரை தீயணைப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு எட்டுப் பேர் தன்னார்வலர்களே.

இனி உங்கள் எஞ்சின். வயல் பம்பு தண்ணீரை நிறையத் தள்ளும், அழுத்தம் இருக்காது. தீயணைப்புப் பம்பின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ என்றால், அது தண்ணீரை 70 மீட்டர் தூக்கும் விசை. வயல் பம்புக்கு 20 மீட்டரே அதிகம். ஹோஸ் நுனியில் நாசில் (பீய்ச்சுகுழல்) மாட்டினால் தண்ணீர் முற்றத்தைத் தாண்டாது. அதை ட்ரம் நிரப்பவும் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் வையுங்கள். 4,500 லிட்டரோடு வருகிற வண்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் போகிற ஒரே ஹோஸுக்குப் பத்து நிமிஷம்தான் தாங்கும். அப்புறம் ஏரிக்கரையில் லாரி எங்கே இறங்கும், எங்கே சேற்றில் புதையும் என்று சொல்ல ஊர்க்காரன் வேண்டும்.

பம்பு நீர்மட்டத்திலிருந்து 7 மீட்டர் உயரத்துக்குள் நிற்கட்டும். கணக்குப்படி 10 மீட்டர் வரை இழுக்கலாம், நடைமுறையில் இழுக்காது. மூட்டு வாஷர் காய்ந்து காற்று பிடித்தால் எஞ்சின் சும்மா கத்தும், தண்ணீர் வராது. உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வை ஒரு பிரம்புக்கூடைக்குள் கட்டி இறக்குங்கள். சேறும் ஆகாயத்தாமரையும் அடைக்காது.

வைக்கோல் போர் எரிந்தால் மேலே ஊற்றுவது வீண். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், உள்ளே கங்கு அப்படியே இருக்கும். காற்று வரும் பக்கம் நின்று, நீளக் கழியில் கட்டிய கொக்கியால் பிரித்து இழுத்து, இழுத்ததை நனைக்கவேண்டும். போர் மேல் ஏறக்கூடாது. உள்ளே வெந்து பள்ளமாகியிருக்கும், கால் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கூரை வீடென்றால் முதலில் 101-க்குச் சொல்லிவிட்டு, ஆட்களை வெளியேற்றி, ஃப்யூஸைப் பிடுங்குங்கள். முழுதாகப் பற்றிய கூரையோடு மல்லுக்கட்டாமல், காற்றடிக்கும் திசையில் அடுத்த வீட்டுக் கீற்றைப் பிரித்துத் தள்ளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் ஈரச்சாக்கைப் பரப்புங்கள்.

ஆக, முதல் செலவு நாலு கொக்கி, இருபது வாளி, முப்பது சாக்கு, ஒரு பிரம்புக்கூடை. கொக்கியை மன்றத்துக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், வெளிச்சுவரில் தொங்கட்டும். சாவி யாரிடம் என்று தேடி முடிப்பதற்குள் கூரை போய்விடும்.