செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்திலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

முடியும். மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் வசிப்போருக்கு ஆலைக் குளத்தின் நாற்றம் பழக்கமானதே. பழக்குலைகளை நீராவியில் வேகவைத்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பழுப்புக் கழிவுநீர் சூடு ஆறுமுன்னரே குளத்தை வந்தடைகிறது. காற்றுப் புகாத அடியாழத்தில் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்க, கொப்புளம் கொப்புளமாக மேலெழுவது பெரும்பாலும் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும் இதைத் திறந்தவெளியில் விடுவது வேதனைக்குரியது. குளத்தைத் தடித்த விரிப்பால் மூடி வாயுவைப் பிடித்து, அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கியபின் எஞ்சினில் எரித்தால் மின்சாரம் கிடைக்கும். ஆலையின் கொதிகலனுக்குப் பழநாரும் கொட்டை ஓடுமே போதுமான எரிபொருள் என்பதால், இம்மின்சாரத்தை வெளியே விற்கலாம். 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. தோட்டத்தின் உட்பகுதியிலுள்ள ஆலைகளுக்குத்தான் சிக்கல்: மின்கட்டமைப்பு வரை கம்பி இழுக்கும் செலவு மிக அதிகம்.