ரகசியப் பொம்மையும் ஐந்தொகையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் லபூபு பொம்மைப் பெட்டி வாங்கி வரச் சொல்கிறாள் என் மகள். பத்துப் பெட்டியில் ஒரு ரகசியப் பொம்மை வந்தாலும் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறாள். இந்தக் கணக்கு சரிதானா?
– வாசகி, காரைக்குடி

பதில்: சரியில்லை. சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் இவற்றை மூடிய பெட்டியில் விற்கிறது. உள்ளே எது இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். பல வரிசைகளில், அரிதாகவே போடும் ரகசியப் பொம்மை வரும் வாய்ப்பு 72-ல் 1. அப்படியானால் 72 பெட்டி வாங்கினால் ஒன்று நிச்சயம் என்று பலர் எண்ணுகிறார்கள். தனித்தனியாக 72 பெட்டி வாங்கிய 100 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறக்குறைய 36 பேருக்கு ஒன்றுகூட வராது. உங்கள் மகள் சொல்லும் 10 பெட்டிக்கு, 100 பேரில் 13 பேருக்குத்தான் அது வாய்க்கும்.

இதை ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்குப் பெட்டி 2,500 ரூபாய் என்றால் 10 பெட்டிக்கு 25,000. ரகசியப் பொம்மை 20,000-க்கு விலை போகும் என்றே வைத்துக்கொள்வோம். வாய்ப்போடு பெருக்கினால் அதன் பங்கு சுமார் 2,800 ரூபாய்தான். மீதி 22,200-ஐச் சாதாரணப் பொம்மைகள்தான் ஈட்டித் தர வேண்டும். அதாவது கமிஷன், கூரியர் எல்லாம் போக ஒவ்வொன்றும் சுமார் 2,250 ரூபாயைக் கையில் தர வேண்டும். ஆக, இந்த வியாபாரம் ரகசியப் பொம்மையை நம்பி நடப்பதில்லை, சாதாரணப் பொம்மையின் மறுவிற்பனை விலையை நம்பித்தான் நடக்கிறது. அந்த விலையோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் 131 செ.மீ. உயர லபூபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்கு ஏலம் போனது. அதே மாதம் நிறுவனம் புதுச் சரக்கைப் பெருமளவில் இறக்கியது. சாதாரணப் பெட்டிகளின் மறுவிற்பனை விலை மளமளவென்று சரிந்தது.

மகளுக்குப் பிடித்திருந்தால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அசலில் பல் 9 இருக்கும், எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் போலி. 9 இருந்தாலே அசல் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு பொம்மை மோகம் உச்சத்துக்கு வந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுகொள்வது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அமெரிக்காவில் 1990-களில் வந்த பீனி பேபீஸ் மோகம் நல்ல பாடம். துணிக்குள் பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய சிறு பொம்மை, கடை விலை சுமார் 5 டாலர். தயாரித்த டை (Ty) நிறுவனம் அவற்றைப் பெரிய கடைகளுக்குக் கொடுக்காமல் சிறு பரிசுப் பொருள் கடைகளுக்கு மட்டும், அதுவும் அளந்து அளந்து கொடுத்தது. அவ்வப்போது, 'இந்த வகை இனி வராது' என்று அறிவித்தது. தட்டுப்பாடு உண்டானது இப்படித்தான். அதற்கு மேல் ஈபே என்ற இணையச் சந்தை வந்ததும் யாரும் வீட்டிலிருந்தே விற்கலாம் என்றாகிவிட்டது. பொம்மையின் காதில் தொங்கும் அட்டை கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை விற்றார்கள், விலைப் பட்டியல் புத்தகம் போட்டார்கள். 1999-ல் மொத்த வரிசையையும் நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தபோதும் பழைய வேகம் திரும்பவில்லை. இன்று அவற்றில் பெரும்பாலானவை அன்றைய கடை விலைக்கே போனால் பெரிது.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: வாங்குகிறவர்களில் எத்தனை பேர் வைத்துக்கொள்ள வாங்குகிறார்கள், எத்தனை பேர் விற்க வாங்குகிறார்கள்? பெட்டியையே பிரிக்காமல் அடுக்கிவைப்பவர்கள் பெருகிவிட்டால், அந்தப் பெட்டிகள் அத்தனையும் நாளைக்குச் சந்தைக்கு வரப்போகிற சரக்கு. அன்றைக்கு எல்லோரும் விற்பவராக இருப்பார்கள், வாங்க ஆள் இருக்காது.

இன்னொன்று, கேட்கும் விலையை விலை என்று நம்பாதீர்கள். இளவரசி டயானா நினைவாக 1997-ல் வெளியான ஊதா நிற பீனி கரடிக்கு இணையத்தில் லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஈபேயில் தேடியதும் 'சோல்டு ஐட்டம்ஸ்' (விற்றுப்போனவை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையில் கைமாறிய விலை அதில் வரும். கடைசிப் பத்து விற்பனையைத் தேதியோடு எழுதி, மிக அதிகமான இரண்டையும் மிகக் குறைவான இரண்டையும் அடித்துவிட்டு மீதி ஆறின் சராசரியைப் பாருங்கள். அதில் பத்து விற்பனையே இல்லையென்றால் அதற்குச் சந்தையே இல்லை என்று பொருள்.

கேள்வி: 50,000 ரூபாய் கட்டினால் ஒரு பொம்மைத் தொகுப்பு தருவார்களாம். ஒரு வருடம் கழித்து அவர்களே 75,000-க்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். சேரலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: சேர வேண்டாம். ஈமு கோழியை மறந்துவிட்டோமா? பெருந்துறைப் பக்கம் 2012-ல் சரிந்த அந்தத் திட்டங்களிலும் 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்பதுதான் வாக்குறுதி. ஈமுக் கறிக்கும் எண்ணெய்க்கும் வெளியே சொல்லும்படியான சந்தை இல்லை. அடுத்து சேருகிறவரின் பணம் வரும்வரைதான் முன்னால் சேர்ந்தவருக்குப் பணம் வந்தது. இங்கே கோழிக்குப் பதில் பொம்மை. தீனிச் செலவு இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

வருடத்தில் 50 சதவீதம் தருகிறவர், வங்கியில் அதைவிட எவ்வளவோ குறைந்த வட்டிக்குக் கடன் வாங்காமல் உங்களிடம் ஏன் வருகிறார்? இதை அவரிடமே கேளுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்ற விவரம் ஆகியவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் இருக்கின்றன. 'தவணை வரட்டும் பார்ப்போம்' என்று காத்திருப்பதுதான் பெரிய நஷ்டம்.

கேள்வி: நகையை அடகு வைத்துச் சேகரிப்பு அட்டையும் பொம்மையும் வாங்கலாம் என்கிறான் மகன். 'பொருள் கையில் இருக்கிறதே, பிறகென்ன பயம்?' என்று வாதாடுகிறான்.
– வாசகர், கண்டனூர்

பதில்: பொருள் கையில் இருந்தும் பணம் வராமல் போகும் என்பதை இந்தச் செட்டிநாட்டு வட்டாரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1930-ல் அரிசி விலை சரிந்தபோது பர்மாவில் கடன் கொடுத்திருந்த நகரத்தாரிடம், வாங்கியவர்கள் பணத்துக்குப் பதில் நிலத்தைத்தான் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு 6 சதவீத நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். நிலம் குவிந்தது, அதை நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. முதல் அத்தனையும் அங்கேயே முடங்கிப்போனது. விளையும் நிலத்துக்கே அந்த கதி.

மகனோடு உட்கார்ந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போடுங்கள். மாதம் 100-க்கு 1 ரூபாய் வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு வருடம் 12,000. விற்கும் தளத்தின் கமிஷன் 10 சதவீதம் என்று வையுங்கள், அதற்கு மேல் கூரியரும் பேக்கிங் செலவும் உண்டு. பொம்மை விலை கால் பங்கு ஏறினாலும் வருட முடிவில் கையில் மிஞ்சுவது சொற்பம். ஏறாவிட்டால் நகை போய்விடும்.

கேள்வி: ரங்கூனிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியில் சாவி கொடுக்கும் தகரப் பொம்மைகளும் சில செல்லுலாய்டு பொம்மைகளும் கிடைத்தன. துலக்கி விற்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தயவுசெய்து துலக்காதீர்கள். புளியோ பித்தளை துலக்கும் பொடியோ பட்டால் தகரத்தில் அச்சிட்ட வண்ணம் உரிந்துவிடும், விலையும் அதோடு போய்விடும். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். சாவி இறுகியிருந்தால் முறுக்கக் கூடாது, சுருள்வில் அறுந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டைப் பல்குச்சி முனையில் எடுத்துப் பல்சக்கரத்தில் மட்டும் வையுங்கள். புது வண்ணம் பூசவே கூடாது.

செல்லுலாய்டு என்பது பழைய வகைப் பிளாஸ்டிக், அதைத் தகரத்தோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அது கெட்டுப்போகும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்தில் உள்ள தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். மஞ்சளாகி, பிசுபிசுத்து, வலைபோல் விரிசல் விட்டுக் காரமான நெடி அடித்தால் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத டப்பா கூடாது, அந்துருண்டையும் வேண்டாம். அலசி உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, மேல் தளத்து வெக்கையில் இல்லாமல், குளிர்ச்சியான உள்ளறையில் வையுங்கள். அசல்தானா என்று சுட்ட ஊசியால் குத்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள். குப்பென்று பற்றிக்கொள்ளும்.

இவை அரிதானதற்குக் காரணம் பிள்ளைகள் விளையாடி உடைத்ததுதான். எந்த நிறுவனமும் அளந்து விற்று உண்டாக்கிய தட்டுப்பாடு இல்லை இது. அதற்காக எல்லாமே விலை போகும் என்றும் நினைக்க வேண்டாம். அடியில் உள்ள எழுத்தைப் பாருங்கள். 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் போர் முடிந்ததற்கும் 1952-க்கும் இடைப்பட்ட சரக்கு. வெறும் 'ஜப்பான்' என்றால் போருக்கு முன்பும் இருக்கலாம், பின்பும் இருக்கலாம். எழுத்தையும் சாவித் துளையையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரே நாளில் மூன்று பழம்பொருள் கடைகளில் காட்டுங்கள். 'இது என்ன விலை போகும்?' என்று கேட்காமல், 'இன்றைக்கே கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?' என்று கேளுங்கள். பொம்மையை முதல் நாளே கையோடு எடுத்துப் போக வேண்டாம்.