பட்டத்தின் பெயரை விடுங்கள், மேற்பார்வை யார் என்று கேளுங்கள்

வணக்கம் அம்மா,

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. "சைக்காலஜியில் டிகிரி முடித்துவிட்டாள். இன்னும் ஐந்தாறு வருஷம் படிக்க வேண்டும் என்கிறாள். உட்கார்ந்து பேசுவதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு?" என்றீர்கள். போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டீர்கள். "தினமும் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு என் பெண்ணுக்கே ஏதாவது ஆகிவிட்டால்?" இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. மேற்பார்வை, அதாவது அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்து அவள் வேலையைப் பார்த்துத் திருத்தும் சூப்பர்விஷன். கிளினிக்கல் சைக்காலஜி என்ற படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, பிறகு மனநலத்தில் சிறப்புப் படிப்பு முடித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சோதனைகள் மூலம் மதிப்பீடு செய்வார், உளச்சிகிச்சை தருவார், ஆராய்ச்சியும் செய்வார். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ போன்ற சில மாநிலங்கள் கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் மருந்து எழுத அனுமதிக்கின்றன. மற்றபடி பெரும்பாலான இடங்களில் இந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது.

சரி, "பேசுவதற்கு எதற்குப் படிப்பு" என்ற கேள்விக்கு வருகிறேன். 1896ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் உளவியல் கிளினிக் ஒன்றைத் தொடங்கினார். உலகின் முதல் உளவியல் கிளினிக் என்று அதைத்தான் சொல்கிறார்கள். முதலில் வந்தது எழுத்துக்கூட்டத் தடுமாறிய ஒரு பையன். பள்ளி ஆசிரியை ஒருவர் அழைத்து வந்தார். விட்மர் சோதித்துப் பார்த்ததில் பையனுக்குக் கண்பார்வையில் குறை இருந்தது தெரிந்தது. கண்ணாடி போட்ட பிறகு, கூடவே பயிற்சியும் கொடுத்த பிறகு, முன்னேற்றம் தெரிந்தது. "சோம்பேறி, கவனம் இல்லை" என்று நினைத்து அன்பாக அறிவுரை மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்கு என்ன ஆகியிருக்கும்? நல்ல மனசு இருந்தால் போதாது, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வகுப்பறைப் படிப்பு அதற்காகத்தான்.

தைராய்டு சுரப்பு குறைந்தவருக்கு மனச்சோர்வு போலவே அறிகுறிகள் வரலாம். களைப்பு, தூக்கம், எதிலும் பிடிப்பின்மை. அவரிடம் வாரா வாரம் குழந்தைப்பருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அது சிகிச்சை ஆகாது. அதனால்தான் உங்கள் மகள் மூளை, நரம்பு, ஹார்மோன் எல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது. மனநோய்க்குறியியல், ஆளுமை, குழந்தை வளர்ச்சி, அறிதிறன், சமூக உளவியல், சிகிச்சை முறைகள், தொழில் நெறி என்று பாடங்கள் நீளும்.

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது புள்ளியியலுக்குத்தான். உங்கள் மகளும் பயப்படுகிறாள், என்னிடமே சொன்னாள். அவளிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அறிவுத்திறன் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலகல், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு, 15 என்று வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு 92 வந்தால் அது கல்லில் பொறித்த எண் அல்ல. அளவீட்டுப் பிழையைச் சேர்த்துப் பார்த்தால் அதற்கு மேலும் கீழும் ஒரு வீச்சு இருக்கும். அந்தச் சோதனையை யாரை வைத்துத் தரப்படுத்தினார்கள், அந்தக் குழந்தை பேசும் மொழி அதில் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். இது தெரியாத ஒருவர் ரிப்போர்ட் எழுதினால் அந்த எண்ணை வைத்து ஒரு பள்ளிக்கூடம் ஒரு குழந்தையின் பாதையையே மாற்றிவிடலாம். இந்தப் பாடத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுதான் காரணம்.

இத்தனையும் படித்தாலும் அவள் இன்னும் சிகிச்சையாளர் ஆகவில்லை. ஆகும் இடம் பயிற்சிக்கூடம். ஆரம்பத்தில் சக மாணவர்களுடன் நடித்துப் பழகுவார்கள். சீனியர் ஒருவர் நோயாளியிடம் பேசும்போது, நோயாளியின் சம்மதத்துடன், பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார்கள், ஹிஸ்டரி, அதாவது நோயாளியின் முந்தைய விவரங்களைக் கேட்டு எழுதுவார்கள். பிறகு பிராக்டிகம் என்ற பகுதிநேரப் பயிற்சியில் சொந்தமாக ஒன்றிரண்டு கேஸ்கள் வரும். கடைசியில் இன்டர்ன்ஷிப். அமெரிக்க முனைவர் படிப்பில் இது முழுநேரமாக ஒரு வருடம். அங்கே அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப்பில் வாரத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் மேற்பார்வை, அதில் 2 மணி நேரமாவது ஒருவருக்கு ஒருவராக என்று விதியே இருக்கிறது.

அந்த மேற்பார்வை நேரத்தில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மகள் நோயாளியின் அனுமதியோடு பதிவு செய்த உரையாடலைப் போடுவாள். நோயாளி "அப்பா போன பிறகு..." என்று ஆரம்பித்திருப்பார். இவள் சட்டென்று "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருப்பாள். சூப்பர்வைசர் பதிவை நிறுத்துவார். "இங்கே ஏன் பேச்சை மாற்றினாய்?" முதலில் இவளுக்குப் பதில் தெரியாது. யோசித்துப் பார்த்தால் அந்த அழுகையைத் தாங்க முடியாது என்று தன்னை அறியாமல் பயந்திருப்பாள். இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் அவளுக்குத் தர முடியாது. தன் குரலைத் தானே கேட்டு, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்து சுட்டிக்காட்டித்தான் வரும். சிகிச்சை உரையாடலைப் பதிவு செய்து ஆராயும் வழக்கத்தை 1940களின் தொடக்கத்திலேயே கார்ல் ரோஜர்ஸ் பெரிய அளவில் கொண்டுவந்தார். அதற்கு முன் மாணவர் நினைவிலிருந்து சொல்வதை நம்புவதைத் தவிர பெரும்பாலும் வேறு வழி இருக்கவில்லை. நினைவு நமக்குச் சாதகமாகத்தானே சொல்லும்.

அப்புறம் ஆபத்தான நேரங்கள். ஒரு மாலை, ஒரு நோயாளி "இனி இருந்து என்ன பயன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். பயிற்சியில் இருக்கும் பெண் தனியாக அதைச் சுமக்கக் கூடாது. உடனே கூப்பிட்டால் எடுக்கும் சூப்பர்வைசர் இருக்க வேண்டும். பயிற்சி பெறுபவர் பார்க்கும் கேஸுக்கு இறுதிப் பொறுப்பு மேற்பார்வையாளருடையது. 1976ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் டரசாஃப் வழக்கில், நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் அவரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. ரகசியம் காப்பது எவ்வளவு முக்கியமோ, எங்கே அது முடிகிறது என்று தெரிவதும் அவ்வளவு முக்கியம். அந்த முடிவை இருபத்து மூன்று வயதில் தனியாக எடுக்கச் சொல்வது அந்தப் பெண்ணுக்கும் அநியாயம், நோயாளிக்கும் அநியாயம்.

நான் வழிகாட்டிய ஒரு மாணவியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கட்டடம், விளம்பரம், பட்டத்தின் பெயர் எல்லாம் பார்த்து ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். நானும் தடுக்கவில்லை. அங்கே மாணவர்கள் ஏராளம், மேற்பார்வை செய்ய ஒருவர்தான். மாதக் கடைசியில் லாக்புக்கில் கையெழுத்து மட்டும் கிடைக்கும். இரண்டு வருடம் கழித்து, "மேடம், நான் செய்வது சரியா தப்பா என்றே எனக்குத் தெரியவில்லை" என்று அழுதாள். அவள் மறுபடி வேறு இடத்தில் பயிற்சி எடுத்துத்தான் எழுந்து வந்தாள். அதிலிருந்து எந்தக் குடும்பம் வந்தாலும் இந்தக் கேள்வியை முதலில் எடுத்து வைக்கிறேன்.

எந்தப் பட்டம் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் விஞ்ஞானியாகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிஎச்.டி. பாதை அதன் வழியில் போகிறது. 1973ல் அமெரிக்காவின் வேயில் நகரில் நடந்த மாநாடு, சிகிச்சைக்கே முதலிடம் தரும் சை.டி. என்ற தொழில்முறை முனைவர் பட்டத்தையும் ஏற்றது. அங்கே பிஎச்.டி. இடங்களுக்கு உதவித்தொகை கிடைப்பது சகஜம், சை.டி.க்குப் பெரும்பாலும் கைக்காசுதான். பிரிட்டனில் மூன்று வருட முனைவர் பயிற்சி. பெரும்பாலான இடங்களில் தேசிய சுகாதார சேவையின் ஊழியராகச் சம்பளத்தோடு படிக்கலாம், ஆனால் போட்டி கடுமை. இந்தியாவில் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். இப்படி நாட்டுக்கு நாடு மாறுவதால், எங்கே வேலை பார்க்கப் போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த நாட்டில் உரிமம் தரும் அமைப்பு எந்தப் படிப்பை ஏற்கிறது என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். படித்து முடித்த பிறகு விசாரிப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் அழுதிருக்கிறார்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அவள் நேராக நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கட்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனி மேற்பார்வை? ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள்? அவர் உரிமம் பெற்றவரா? பதிவுகளைக் கேட்பாரா, இல்லை மாணவர் சொல்வதை வைத்தே பேசுவாரா? குழந்தைகள், முதியவர்கள், தீவிர மனநோய், போதைப் பழக்கம் என்று பலவகை கேஸ்களும் கிடைக்குமா? அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது? முடிந்தால் இப்போது அங்கே படிக்கும் இரண்டு பேரிடமாவது பேச வேண்டும். நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள். மழுப்பினால் அதுவே பதில்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது. அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் கதைகளைத் தொடர்ந்து கேட்பவருக்கும் அந்த அதிர்ச்சியின் அறிகுறிகள் வரலாம் என்பது இந்தத் துறைக்குத் தெரிந்ததுதான். தூக்கத்தில் அந்தக் காட்சிகள் வரும், எரிச்சல் வரும், சிலநேரம் மரத்துப்போகும். நோயாளியைப் பார்க்கும்போது சிகிச்சையாளரின் சொந்தப் பழைய காயங்களும் கிளறப்படும். இதை எதிர்மாற்றம் என்பார்கள். இது அவள் பலவீனம் என்று யாரும் நினைக்கக் கூடாது. இதைப் பேசித் தெளியும் இடமும் அதே மேற்பார்வை அறைதான். தேவைப்பட்டால் அவளே ஒரு சிகிச்சையாளரிடம் போவாள். போனால் பதறாதீர்கள், இந்தப் படிப்பில் அது நல்ல பழக்கம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். வீட்டுக்கு வந்ததும் "இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன பிரச்சினையாம்?" என்று கேட்காதீர்கள். அவளால் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது. முகம் வாடி வந்தாலும் அமைதியாக இருக்க விடுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவளுக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். இன்னொன்று, உறவுக்காரர் யாராவது "உன் பெண் சைக்காலஜிஸ்ட்தானே, என் மகனிடம் கொஞ்சம் பேசச் சொல்" என்பார்கள். நீங்களே முன்னால் நின்று மறுத்துவிடுங்கள். சொந்தக்காரருக்குச் சிகிச்சை தருவது தொழில் நெறிப்படி தவறு. அவள் மறுத்தால் திமிர் என்பார்கள், நீங்கள் மறுத்தால் அவள் மனசு தப்பிக்கும்.

சேருவதற்கு முன் ஆறு மாதமாவது ஒரு மனநல மருத்துவமனையிலோ, தொலைபேசி உதவி மையத்திலோ, சிறப்புக் குழந்தைகள் பள்ளியிலோ அவள் தன்னார்வலராக இருந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் வருஷக் கணக்கைப் பார்க்காமல் அனுப்புங்கள். வரும் சனிக்கிழமை அவளையும் அழைத்து வாருங்கள். அவள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் மூன்று இடங்களுக்கும் கேட்க வேண்டியதை ஒன்றாக உட்கார்ந்து எழுதி, அங்கிருந்தே அனுப்பிவிடலாம்.