சிகரெட் குடிச்சா ரத்தத்துல வைட்டமின் சி ஏன் குறையுது? கேளுங்க, சொல்றேன்

பயோகெமிஸ்ட்ரி படிச்சிட்டு லேப்ல வேலை பாக்குறேன், தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: அக்கா, புகை போறது நுரையீரலுக்கு, ரத்தத்துல ஆன்டிஆக்சிடென்ட் (வைட்டமின் சி மாதிரி செல்லை காக்குற பொருள்) எப்படி குறையும்?

பதில்: தம்பி, ஒரு இழுப்புலயே கோடி கோடியா ஃப்ரீ ராடிக்கல் (செல்லை தாக்குற நிலையில்லாத மூலக்கூறு) உள்ள போகுது, அது போதாதுன்னு புகை பட்டு எரிச்சலான வெள்ளை அணுக்களும் இன்னும் கொஞ்சம் உண்டாக்குது, இதையெல்லாம் அடக்க ரத்தத்துல முதல்ல செலவாகுறது வைட்டமின் சி தான். செல் சவ்வுல இருக்குற கொழுப்பை காக்குறது வைட்டமின் ஈ, அது ஒரு தடவை வேலை செஞ்சு ஓய்ஞ்சதும் மறுபடி தயார் பண்றது சி. அப்போ சி குறைஞ்சா ஈ-யும் சீக்கிரம் தீந்துடும். கேரட்டுல இருக்குற பீட்டா கரோட்டினும் குடிக்கிறவங்களுக்கு கம்மியா தான் இருக்கும்.

கேள்வி: தினம் பத்து சிகரெட் ஆகுது. வைட்டமின் மாத்திரை போட்டா சரிக்கட்டிடலாமா?

பதில்: இதை தயவு செஞ்சு முழுசா படிங்க. அமெரிக்காவுல ஆம்பளைக்கு தினம் 90 மில்லிகிராம், பொம்பளைக்கு 75 மில்லிகிராம் சி-னு 2000-ல வச்சப்போ குடிக்கிறவங்களுக்கு மேல 35 சேத்தாங்க, அது உண்மை. ஆனா அது பற்றாக்குறைக்கு மட்டும் தான், தாரும் கார்பன் மோனாக்சைடும் அப்படியே தான் இருக்கும். பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போகாதீங்க. ஃபின்லாந்துல 29,000-க்கு மேல புகைபிடிக்கிற ஆண்களை வச்சு செஞ்ச ஆய்வு 1994-ல வந்துச்சு, தினம் 20 மில்லிகிராம் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமா வந்துருந்துச்சு. அமெரிக்காவுல இதே மாதிரி நடந்த இன்னொரு ஆய்வை 1996-ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. நல்லது செய்யும்னு நம்பி குடுத்த மாத்திரைங்க அது, இன்னைக்கும் நினைச்சா மனசு கனக்குது.

கேள்வி: கேரட் சாப்பிடலாமா அப்போ?

பதில்: தாராளமா. காய்கறில வர்ற அளவுக்கு பயம் இல்ல. கொய்யா, நெல்லிக்காயும் சாப்பிடுங்க.

கேள்வி: வீட்டுக்காரர் ஹால்ல உக்காந்து தான் குடிக்கிறார், எனக்கும் பையனுக்கும் பாதிப்பு உண்டாக்கா?

பதில்: உண்டும்மா. பக்கத்துல இருந்து புகையை சுவாசிக்கிற குழந்தைங்களுக்கும் ரத்தத்துல சி குறையுது. ஜன்னலை திறந்து வச்சா மட்டும் போதாது, வீட்டுக்குள்ள குடிக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க.

கேள்வி: விட்டா எப்போ பழையபடி ஆகும்?

பதில்: விட்ட நாலு வாரத்துலயே சி அளவு ஏறுறதை பாத்திருக்காங்க, வேற மருந்து எதுவும் இல்லாமலே. தனியா விட முடியலன்னா புகையிலையை விட உதவுற தேசிய உதவி எண் 1800-11-2356-க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.