பட்டம் வாங்கும் முன் இதை மட்டும் பாருங்கள்

கேள்வி: பல வருடமாகக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், பட்டம் இல்லாததால் பதவி உயர்வு வரவில்லை. என் அனுபவத்தை வைத்தே 15 நாளில் இளங்கலைப் பட்டம் தருவதாக ஓர் ஆன்லைன் பல்கலைக்கழகம் சொல்கிறது. சர்வதேச அங்கீகாரச் சான்றிதழும் காட்டுகிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அனுபவத்துக்காக ஒன்றிரண்டு பாடங்களில் விலக்கு தரும் நல்ல பல்கலைக்கழகங்களும் உண்டு, ஆனால் அங்கே நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள், மீதிப் பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதியே ஆக வேண்டும். பயோடேட்டாவை மட்டும் பார்த்து முழுப் பட்டம் தருகிறவர்கள் விற்பது வெறும் காகிதம். 2004-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அதிகாரிகள் ஒரு பூனையின் பெயரில், அதற்கு வேலை அனுபவம் இருப்பதாக எழுதி, 299 டாலர் கட்டி இளங்கலைக்கு விண்ணப்பித்தார்கள். டெக்சாஸில் இருந்த டிரினிட்டி சதர்ன் என்ற 'பல்கலைக்கழகம்', இந்த அனுபவத்துக்கு எம்.பி.ஏ.வே தரலாம் என்று சொல்லி, மதிப்பெண் பட்டியலோடு அதைக் கொடுத்தும் விட்டது!

அங்கீகாரச் சான்றிதழ் காட்டுகிறார்களே என்கிறீர்கள். நாம் அதைத்தான் முதலில் கேட்போம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும், அதனால் பெரிய பெயரில் ஒரு கவுன்சிலுக்கும் அவர்களே வெப்சைட் திறந்து, தங்களுக்குத் தாங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அங்கீகாரம் கொடுத்தது யார், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது எந்தச் சட்டம் என்று ஒரு படி மேலே போய்க் கேளுங்கள். அமெரிக்காவில் மத்திய அரசு கல்லூரிகளுக்கு நேரடியாக அங்கீகாரம் தருவதில்லை, அங்கீகாரம் தரும் அமைப்புகளைத்தான் கல்வித் துறை ஏற்கிறது. இந்தியாவில் 1956-ம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம், 22-வது பிரிவிலேயே பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று சொல்லிவிடுகிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசி வெளியிடுகிறது. கம்பெனியாகப் பதிவு செய்திருப்பது வேறு, பட்டம் கொடுக்கும் உரிமை வேறு. அவர்கள் அனுப்பும் லிங்க்கைத் தொடாமல், அந்த நாட்டின் கல்வித் துறை தளத்துக்கு நீங்களே போய்ப் பெயரைத் தேடுங்கள். அப்புறம், அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று உங்கள் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். இப்போது அட்டெஸ்டேஷனுக்கு (சான்றொப்பத்துக்கு) இன்னும் கட்டு, இல்லாவிட்டால் வழக்கு வரும் என்று மிரட்டுகிறார்கள்.

பதில்: இனி ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். போலிப் பட்டங்கள் விற்று 2015-ல் அம்பலமான பாகிஸ்தானின் கராச்சி நிறுவனம் ஆக்ஸாக்ட்டின் வழியும் இதுதான்: பட்டம் வாங்கியவரிடமே அதிகாரிபோலப் பேசிப் பயமுறுத்தி, மேலும் மேலும் கறப்பது. கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்குச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்; மெசேஜ், ரசீது எதையும் அழிக்காமல் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட வேண்டாம், அதை நம்பித்தான் அடுத்த மிரட்டல் வரும். அந்தப் பட்டத்தை எந்த விண்ணப்பத்திலும் எழுதவும் எழுதாதீர்கள். இதுவரை ஏமாந்தவர் நீங்கள், அதை எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை கொடுத்தவரை ஏமாற்றியவராகிவிடுவீர்கள்.