மொரிஷியஸ் ஆர்க்கிட்டுக்கு ஆடியில்தான் குளிர்

தம்பி, போர்ட் லூயிஸுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, பூவோடு வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வெறும் இலையாக விட்டுக்கொண்டு நிற்கிறது, யூடியூபில் சொன்னபடி அக்டோபர், நவம்பரில் பால்கனியில் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். செடியில் கோளாறு இல்லை, மாதத்தில்தான்.

அந்த வீடியோக்காரர்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள். நாம் தெற்கே இருக்கிறோம், இங்கே ஆனி, ஆடிதான் குளிர்காலம், ஐப்பசியில் வெயில் ஏற ஆரம்பித்துவிடும். ஃபெலனாப்சிஸில் பூந்தண்டு கிளம்ப நாலைந்து வாரமாவது இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நல்லது. தொடர்ந்து 28 டிகிரிக்கு மேலேயே கிடந்தால் அது இலையைத்தான் விடும். நான் இருக்கும் கியூர்பிப் 550 மீட்டர் உயரம், ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது, அதனால் எனக்கு இந்தக் கவலையே இல்லை, ஆடியில் தண்டு எட்டிப் பார்த்தால் தீபாவளி சமயத்தில் பூ. கீழே போர்ட் லூயிஸில் உங்களுக்குக் கொஞ்சம் வேலை உண்டு: ஜூன் மாதம் பிறந்ததும் இரவில் ஜன்னலைச் சாத்தாதீர்கள், இல்லையென்றால் பால்கனியில் மழை நேராக விழாத மூலையில் வையுங்கள். தண்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டாம், தண்டு கோணலாகிவிடும்.

வெளிச்சமும் அப்படித்தான். "தெற்கு ஜன்னல்" என்று படித்தால் இங்கே வடக்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள், குளிர்காலச் சூரியன் அந்தப் பக்கம்தான் போகும். கிழக்கு ஜன்னல் கிடைத்தால் அதைவிட நல்லது. இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் விஷயத்தில் நானே ஏமாந்தவள். வந்த புதிதில் துளசிக்கு ஊற்றுவது போல தினமும் ஊற்றி, மூன்று செடிக்கு வேர் அழுகிப் போய்விட்டது. வேரைப் பாருங்கள், பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, வெள்ளிபோல வெளுத்தால் ஊற்றலாம். அவ்வளவுதான். உரம் எல்லாம் அப்புறம்.

பக்கத்து வீட்டில் கொடுத்த இன்னொரு வகை ஆர்க்கிட்டான டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய குச்சிகளை வெட்டிவிடலாமா என்று கேட்டீர்களே, கையே வைக்காதீர்கள். செடி சேமித்து வைத்த சாப்பாடு அதில்தான் இருக்கிறது, பல வகைகளில் பூவும் அந்தக் குச்சியிலேயே வரும்.

நவம்பரிலிருந்து புயல் காலம், எச்சரிக்கை வந்த உடனே தொட்டிகளை உள்ளே எடுத்துவிடவேண்டும். 2024 பொங்கலன்று பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன, நான் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டு, தொட்டிகளை அப்புறம் எடுக்கலாம் என்று விட்டதில் ஆறு தொட்டி போயிற்று.

கடைசியாக, ஏற்காட்டில் அம்மா வளர்க்கும் ஆர்க்கிட்டை சூட்கேஸில் கொண்டுவருவது பற்றி. வேண்டாம். எந்தச் செடிக்கும் இங்கே இறக்குமதி அனுமதியும் அங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும், ஆர்க்கிட் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் வேறு இருக்கிறது, விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். செப்டம்பரில் என் டென்ட்ரோபியத்தைப் பிரித்து நடுவேன், மெட்ரோ ஏறி வந்தால் ஒரு பங்கு தருகிறேன், பை ஒன்று எடுத்து வாருங்கள்.